நார்பர்ட்டின் விசை

நார்பர்ட் ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசியது துப்பாக்கியைப் பற்றித்தான். என்னைப் பற்றி இல்லை, பிள்ளைகளைப் பற்றியும் இல்லை. "அத எங்கயாவது தூரத்துல இருக்கிறவனுக்கு வித்துடு வில்மா. நம்ம பக்கத்து ஆளுங்க கையில போகக் கூடாது. வர்ஜிலுக்கு மட்டும் விஷயம் தெரியவே கூடாது." இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்குக் கிடைத்த வார்த்தை அதுதான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் சாகக் கிடக்கிறவரிடம் சண்டையா போட முடியும்? சரி என்று தலையாட்டினேன்.

பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுவதற்கென்றே செய்த ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. இரும்பில் ஒரு வேட்டைநாய் முன்னங்காலைத் தூக்கி நிற்கும். எதிரே புல்லுக்குள் ஒரு காட்டுக்கோழி பதுங்கியிருக்கும். ரோமம் ரோமமாகச் செதுக்கியிருப்பார்கள். நாயின் கண்ணில் மட்டும் பொட்டளவு தங்கம். அந்தச் செதுக்கல்காரர் கைபட்ட துப்பாக்கிகள் இன்றைக்கு விரல்விட்டு எண்ணும்படிதான் மிஞ்சியிருக்கின்றன. அதற்கு மேல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் ஓஹையோ மாநிலப் பட்டத்தை நார்பர்ட் ஜெயித்தது அதை வைத்துத்தான். இரண்டு பேர் சமமாக வந்து, முடிவுக்காக மறுபடி சுட்டபோது தோற்ற ஆள் வர்ஜில் கிரிலியட். எங்கள் வீட்டுக்கு நாலு வயல் தள்ளி வீடு. நார்பர்ட்டுக்கு உயிர்ச் சிநேகிதர்.

வர்ஜிலுக்குத் தெரியக் கூடாத விஷயம் இதுதான். ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளுகிறவர்களுக்கு ஒரு வியாதி வரும். தட்டு பறக்கும், கண்ணும் பார்க்கும், விரல் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. எங்கள் பக்கம் அதைத் 'திடுக்கு' என்போம். அதற்குத் தெரிந்த வைத்தியம் விசையை மாற்றுவது. மாற்றிய விசையை அழுத்தினால் ஒன்றும் ஆகாது, அழுத்திய விரலை விட்டால்தான் வெடிக்கும். விதிப்படி அதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அப்படி மாற்றிக்கொண்டவர்களை நார்பர்ட் படுத்தின பாடு இருக்கிறதே! "ஊன்றுகோல் கோஷ்டி எல்லாம் ஓரமா உக்காருங்கப்பா" என்பார். துப்பாக்கி கிளப்பே சிரிக்கும். பட்டத்தைத் தோற்ற பிறகு விசையை மாற்றிக்கொண்ட வர்ஜிலும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு ஓரமாகப் போய் உட்காருவார்.

அதே விசை நார்பர்ட்டின் துப்பாக்கிக்குள்ளும் இருந்தது. இண்டியானாவில் யாரோ ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொடுத்து ரகசியமாகப் போட்டது. அப்படிப்பட்ட துப்பாக்கியின் மேல் ஒட்டவேண்டிய எச்சரிக்கைச் சீட்டையும் அவர் ஒட்டவில்லை.

டெக்சாஸிலிருந்து வாங்க வந்தவர் பெயர் பிரெண்டிஸ். சேகரிக்கிற ஆள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பேன், சுடமாட்டேன் என்று போனில் சொல்லியிருந்தார். அதனால், கார் ஏறும்போது காதோடு காதாக விசையைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் அவர் வருவதற்கு முன்பே வர்ஜில் ஒரு பை நிறைய டோனட்டோடு என் சமையலறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"சுட்டுப் பாக்காமயா வாங்குறீங்க?" என்றார் வர்ஜில், பிரெண்டிஸிடம். "கல்யாணத்துக்குப் பொண்ணு போட்டோ மட்டும் போதும்னு சொல்ற மாதிரி இருக்கு."

"அவருதான் வேணாங்கிறாரே, விடு வர்ஜில்" என்றேன்.

"நார்பர்ட் துப்பாக்கி கிளப் மண்ண மிதிக்காம ஊர விட்டுப் போறதா? ஒரு சுத்து சுட்டாத்தான் கை மாறுனதா அர்த்தம். இது தெரியாதா உனக்கு? சாவி எங்கிட்டதான் இருக்கு, கெளம்புங்க."

பிரெண்டிஸின் முகத்தில் சின்னப் பையன் சிரிப்பு வந்துவிட்டது. உடனே ஒத்துக்கொண்டார். வர்ஜிலின் பிக்கப் வண்டியில் இருவருக்கும் நடுவில் இடித்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அந்த எழுபத்தொன்றாம் வருஷப் போட்டியைத்தான் பேசிக்கொண்டு வந்தார் வர்ஜில். "ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு. எனக்கு வெரல் நின்னு போச்சு. அவனுக்கு நிக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்." தோற்றவர் சொல்கிற மாதிரியே இல்லை. அவ்வளவு பெருமை சிநேகிதன் மேல்.

மைதானத்தில் வர்ஜில் தோட்டாப் பெட்டியை எடுக்கப் போன இடைவெளியில் பிரெண்டிஸின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அந்த விசை கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். பாத்துச் சுடுங்க."

"பழைய துப்பாக்கின்னா விசை கனமாத்தான் இருக்கும் மேடம். எனக்குப் பழக்கம்தான்."

இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வர்ஜில் பெட்டியோடு திரும்பிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிரெண்டிஸ் சுடுகிற கோட்டில் போய் நின்று, துப்பாக்கியைத் தோளில் வைத்து, தட்டை விடச் சொல்லிக் குரல் கொடுத்தார். தட்டு பறந்தது. அழுத்தினார். சத்தமே இல்லை. தட்டு தூரத்தில் புல்லில் போய் விழுந்தது.

"என்ன இது, சுடவே மாட்டேங்குது?" என்று கேட்டபடி, விரலை அழுத்தினது அழுத்தினபடியே எங்கள் பக்கம் திரும்பினார். குழலும் கூடவே திரும்பியது. முதலில் வர்ஜிலைக் கடந்து, பிறகு என் வயிற்றுக்கு நேராக வந்தது.

"வெரல எடுக்காதீங்க!" என்று கத்தினேன். "விட்டா வெடிக்கும்! அழுத்தியே பிடிங்க!"

பிரெண்டிஸ் சிலையாகிவிட்டார். வர்ஜில் ஓடவில்லை, குனியவும் இல்லை. பக்கவாட்டாக நடந்து போய்க் குழலைப் பிடித்து மண்ணைப் பார்க்கத் திருப்பினார். "அப்பிடியே பிடிச்சுக்குங்க தம்பி. மூச்சு விடுங்க, வெரல மட்டும் விடாதீங்க." பிறகு கட்டைவிரலால் மேலே இருந்த தாழைத் தள்ளித் துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்தார். தோட்டாவை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இப்ப விடலாம்." பிரெண்டிஸ் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

வர்ஜில் காலித் துப்பாக்கியை மூடிக் கையில் வைத்துக்கொண்டு விசையை அழுத்தினார், விட்டார். மறுபடி அழுத்தினார், விட்டார். அவருக்கு அந்த விசையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எப்பப் போட்டான்?" என்று என்னைப் பார்க்காமலே கேட்டார்.

நான் குனிந்து தோட்டாப் பெட்டியை மூடினேன்.

"நாங்க ரெண்டு பேரும் சமமா வந்து சுட்டமே, அன்னிக்கு இது உள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றேன். "அதுக்கு முந்தின குளிர்காலத்துல போட்டாரு."

வர்ஜில் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"தோத்ததும் என் தோள்ல கை போட்டான் வில்மா. 'கோளாறு வெரல்ல இல்ல வர்ஜில், தைரியத்துல இருக்கு'ன்னான். நானும் நம்பினேன். எனக்கு மட்டும்தான் இந்தக் கேடுன்னு நெனச்சுக்கிட்டு, பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லாம, ராத்திரியெல்லாம் வெரல மடக்கி மடக்கிப் பாத்துக்கிட்டு இருந்தேன். பட்டம் எவனுக்கு வேணும்? எனக்கும் அப்பிடித்தான்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

எனக்கு வெட்கமாக இருந்தது. புதைத்து ஆறு மாசம்கூட ஆகாத மனிதர் மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. எழுப்பி உட்காரவைத்துக் கேட்க முடியாதே என்றும் இருந்தது.

பிரெண்டிஸ் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். வியாபார புத்தி திரும்பிவிட்டது. "மேடம், இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். பழைய மாதிரி விசைய நான் மாட்டிக்கிறேன். பட்டம் ஜெயிச்ச கதை கெடாம இருக்கும்."

மாட்டேன் என்று வர்ஜில் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் தட்டு விழுந்த புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஜெயிச்சப்ப உள்ள எந்த விசை இருந்துச்சோ அத எழுதி, துப்பாக்கியோடவே வைங்க. நானே கையெழுத்துப் போடுறேன். முடியாதுன்னா விக்கிறதா இல்ல."

"மதிப்பு எறங்கிடும் மேடம்."

"எறங்கட்டும்."

முனகிக்கொண்டேதான் ஒத்துக்கொண்டார். நாயின் தங்கக் கண் அவரை விடவில்லை. கிளப் மேசையிலேயே எழுதி, நார்பர்ட்டின் பெயர், வருஷம், விசை எல்லாவற்றையும் போட்டுக் கையெழுத்திட்டேன். அவருடைய கடைசி ஆசையைக் காற்றில் விட்டாயிற்று.

வர்ஜில் எங்களை வீட்டில் இறக்கிவிட்டார். பிரெண்டிஸ் துப்பாக்கியோடு கிளம்பிப் போனார். வழக்கமாக வர்ஜில் உள்ளே வந்து காபி குடிக்காமல் போனதே கிடையாது. அன்றைக்கு என்ஜினை அணைக்கவில்லை.

"உள்ள வா வர்ஜில். டோனட் அப்பிடியே இருக்கு."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவன்மேல கோவப்படலாம்னு பாத்தா செத்துத் தொலைஞ்சுட்டான். அதனால கொஞ்ச நாளைக்கு உன்மேல கோவமா இருந்துக்குறேன் வில்மா. யார்மேலயாவது இருந்தாகணும்."

"இருந்துக்கோ" என்றேன்.

வண்டி நாலு வயல் தாண்டி அவர் வீட்டு வாசலில் திரும்புகிற வரை வெளியிலேயே நின்றிருந்தேன்.