வண்டிய நிறுத்திட்டுக் கூப்பிடறேன்

வீரமணிக்கும் பானுமதிக்கும் கல்யாணமான புதிதில் குடும்பம் நடந்ததெல்லாம் பெரும்பாலும் போனில்தான். அவன் பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டினான். அவள் பாப்பாரப்பட்டியில் அங்கன்வாடி உதவியாளர். மாதத்துக்கு ரெண்டு தடவை வருவான், மறுநாளே கிளம்பிவிடுவான். மற்ற நாளெல்லாம் அவள் அடுப்பில் வெங்காயம் வதங்கும் சத்தம் அவன் காதிலும், அவன் போகும் ரோட்டின் ஹாரன் சத்தம் அவள் காதிலும் கேட்டுக்கொண்டே இருக்கும். மகள் கவிப்பிரியா முதல்முதலாக "அப்பா" என்றதைக்கூட ஒரு மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டான். கேட்டுவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடம், "என் பொண்ணுங்க சார், என் பொண்ணு" என்று திரும்பித் திரும்பிச் சொன்னான்.

பிறகு சொந்தமாக ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டான். டாக்ஸி ஆப்பில் பேரைப் பதிந்து, தர்மபுரியைச் சுற்றியே ஓட்டினான். சாயங்காலம் வூட்டுக்கு வந்துவிடுகிற புருஷனிடம் பகலெல்லாம் போனில் பேச என்ன இருக்கிறது? ஆனாலும் பழக்கம் போகவில்லை. எங்க இருக்கறீங்க, சாப்டீங்களா, வெயிலு எப்படி என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். எடுக்காவிட்டால் பயந்துவிடுவாள் என்று அவனும் ஓட்டிக்கொண்டே எடுத்துவிடுவான்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை, தர்மபுரியிலிருந்து ஒருவரைப் பொம்மிடி ஸ்டேஷனில் இறக்கிவிட்டு நின்றான். அங்கேயே அடுத்த புக்கிங் வந்தது. சேலத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கிய கணவன் மனைவி. இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. தீர்த்தமலைக்குப் போகவேண்டும். அந்த அம்மாவின் பேரே தீர்த்தம்மாள்தான்.

"எங்கம்மா அந்த மலைக்கு வேண்டிக்கிட்டு என்னைப் பெத்தாங்கப்பா. கல்யாணத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் போறேன். இவரு ரைஸ் மில்ல விட்டு நகரவே மாட்டாரு."

அவர் கணவர் பெரியண்ணன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்தும் என்பதால் போட்டுக்கொண்டார்.

"பின்னாலயும் பெல்ட் போட்டுக்கோங்கம்மா" என்றான் வீரமணி.

"பின்னால எதுக்கு கண்ணு? பட்டுச்சேலை கசங்கிரும்."

அவன் அதற்குமேல் சொல்லவில்லை. கிராமத்து ரோடுதானே, மெதுவாகத்தானே போகப்போகிறோம் என்று நினைத்தான்.

பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி அரூர் ரோட்டில் போகும்போது பானுமதி கூப்பிட்டாள். போன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் இருந்தது. ஸ்பீக்கரைப் போட்டான்.

"மாமா, இங்க ஒரு கூத்து கேளுங்க! நம்ம சின்னக்கண்ணு பேத்தி இல்ல, அந்த வாலு, ஒரு ஆட்டுக்குட்டியை இழுத்துட்டு வந்து பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டா. அதுக்கும் பேர் எழுதணுமாம். அதுக்கும் முட்டை வேணுமாம்!"

தீர்த்தம்மாள் பின்னாலிருந்து சிரித்தார். வீரமணியும் சிரித்தான். அதே நேரம் ஆப் டிங்கென்று ஒலித்து, திரையில் அடுத்த புக்கிங் வந்தது. உடனே தொடாவிட்டால் வேறு டிரைவருக்குப் போய்விடும். கையை நீட்டினான். கண்ணும் கையோடு போனது.

நிமிர்ந்தபோது, குச்சிக்கிழங்கு மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று காட்டுப் பாதையிலிருந்து ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

பிரேக்கை மிதித்து இடதுபக்கம் ஒடித்தான். கார் டிராக்டரில் படாமல் ரோட்டை விட்டு இறங்கி, ஒரு புளியமரத்தில் முட்டி நின்றது.

பாப்பாரப்பட்டியில், கையில் முட்டைப் பாத்திரத்தோடு நின்ற பானுமதிக்கு எல்லாம் கேட்டது. டயர் கிறீச்சிட்டது, தகரம் நசுங்கியது, ஒரு பெண்ணின் அலறல். போன் சீட்டுக்கு அடியில் விழுந்தும் லைன் அறுபடவில்லை.

"மாமா! மாமா!"

யாரோ ஒரு ஆண் குரல், "தீர்த்தா! ஏய் தீர்த்தா!" என்று கத்தியது. கதவு திறக்கும் சத்தம். வீரமணியின் குரல் மட்டும் வரவில்லை. குழந்தைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அங்கன்வாடி டீச்சர் ராணியம்மாள் ஓடிவந்து பாத்திரத்தை வாங்கினார். அப்புறம்தான் தூரத்தில் அவன் குரல் கேட்டது: "அம்மா, அசையாதீங்க. அப்படியே இருங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு."



வீரமணிக்கும் பெரியண்ணனுக்கும் பெல்ட் பிடித்துக்கொண்டதால் சிராய்ப்புதான். தீர்த்தம்மாள் முன்சீட்டில் போய் மோதியிருந்தார். உதடு கிழிந்து, தோளுக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள எலும்பு உடைந்துவிட்டது. ஓடிவந்தவர்கள் அவரைத் தூக்கி வெளியே போடப் பார்த்தார்கள். வீரமணி விடவில்லை. பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரியட்டும் என்று இரண்டு பேரை ரோட்டில் நிற்கவைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

பானுமதி ரெண்டு பஸ் மாறி அரூர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மதியமாகிவிட்டது. வராந்தாவில் பெரியண்ணன் வீரமணியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"நாங்க நம்பித்தானேப்பா ஏறுனோம்? மூணு உசுரு வண்டில இருக்குது, உனக்குப் போன் கேக்குதா?"

போலீஸ்காரர் வந்து கேட்டபோது, டிராக்டர் திடீரென்று வந்தது என்று சொல்லி வீரமணி தப்பிக்கப் பார்க்கவில்லை. அவன், "போன்ல பேசிட்டிருந்தேனுங்க. ரோட்டைப் பாக்கல. அம்மாவை பெல்ட் போடச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை" என்றான்.

பானுமதி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் கூப்பிட்டதாலதான் மாமா."

"நீ கூப்பிட்ட. எடுத்தது நானு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தோளில் கட்டும் உதட்டில் தையலுமாகப் படுத்திருந்தார் தீர்த்தம்மாள். பானுமதி கட்டிலருகே நின்று, "அம்மா, என்னை மன்னிச்சிருங்க" என்றாள்.

குரலைக் கேட்டதும் அவர் கண்ணைத் திறந்தார். "ஆட்டுக்குட்டிப் பொண்ணா நீயி?"

"ஆமாங்க."

வாயைச் சரியாகத் திறக்க முடியாமல் மெல்லக் கேட்டார்: "முட்டை தின்னுச்சா அது?"

பானுமதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சுங்க. அவளே ரெண்டையும் தின்னுட்டா."

தீர்த்தம்மாள் சிரிக்கப்போய் உதடு இழுத்து, "ஐயோ, சிரிக்க வெக்காத போ" என்றார். பெரியண்ணன் வாசலில் நின்று இதைப் பார்த்தார். அவருக்குக் கோபம் போகவில்லை. ஆனால் சாயங்காலம் பானுமதி வாங்கிவந்த இளநீரை வேண்டாமென்று சொல்லவில்லை.

கேஸ் நடந்தது. ஆப்பில் வீரமணியின் பேரை நீக்கினார்கள். லைசன்ஸையும் கொஞ்ச காலம் நிறுத்திவைத்தார்கள். அந்த மாதங்களில் அவன் பாலக்கோட்டில் தக்காளி மண்டியில் கூடை தூக்கினான். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி சேலம் போய், தீர்த்தம்மாளைப் பார்த்துவிட்டு வருவான். முதல் தடவை பெரியண்ணன் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்றாவது தடவை, "காப்பி குடிச்சுட்டுப் போ" என்றார்.

லைசன்ஸ் திரும்பி வந்து, ஆப்பிலும் பேரை மறுபடி சேர்த்துக்கொண்ட பிறகும் அவன் ஒரு வாரம் வண்டியை எடுக்கவில்லை. பானுமதிதான் அவனைக் காருக்குள் உட்காரவைத்தாள். "எனக்குப் பயமா இருக்குது மாமா. உங்களுக்கும் இருக்குதுன்னு தெரியும். இனிமே நான் கூப்பிட மாட்டேன். எங்கயாவது ஓரமா வண்டிய நிறுத்திட்டு நீங்க கூப்பிடுங்க."

"சரி. வண்டிய நிறுத்திட்டுக் கூப்பிடறேன்" என்றான்.

சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது. முதல் நாள் பதினோரு மணிக்கே அவள் கை தானாகப் போனுக்குப் போனது. ராணியம்மாள் டீச்சரிடம் கொடுத்துப் பீரோவில் வைக்கச் சொன்னாள். மதியம் போன் வரவில்லை. வெளியே கோடைமழை பிடித்துக்கொண்டது. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். மூன்று மணிக்குத்தான் பீரோவுக்குள் மணி அடித்தது.

"எங்க இருக்கறீங்க? என்னாச்சு?"

"ஓசூர் போயிட்டு வரும்போது கண்ணு சொக்குச்சு பானு. பெட்ரோல் பங்க்ல நிறுத்திட்டுத் தூங்கிட்டேன். அதுக்குள்ள புக்கிங் ஒண்ணு போயிருச்சு."

இவ்வளவு நேரம் சேர்த்துவைத்திருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "போனா போகட்டும். நல்லாத் தூங்குனீங்களா?"

"நல்லாத் தூங்குனேன்."

"மழை விட்டதுக்கு அப்புறம் கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு, பேச ஆசை இருந்தும் அவளே வைத்துவிட்டாள்.

ஆடி முடிந்து தீர்த்தம்மாளே ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: "தோள் ஆறிப்போச்சு. மலைக்குப் போகணும். உன் வண்டிலதான் வருவேன். இவரு வேண்டாங்கறாரு, நீ வா."

வீரமணி கும்பிட்டான், போனில் பேசுகிறோம் என்பதையும் மறந்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை பானுமதியும் கூடப் போனாள். பொம்மிடி ஸ்டேஷன் வாசலில் பெரியண்ணன் முதலில் காரின் பின்பக்கம் போய் நம்பர் பிளேட்டைப் படித்தார். டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, முன்பின் தெரியாதவனைக் கேட்பதுபோல, "டிரைவர் பேரு?" என்றார்.

"வீரமணிங்க."

"ராத்திரி எத்தன மணிக்குப் படுத்த?"

"ஒம்பதுக்கேங்க."

"போன் எங்க?"

சத்தத்தை நிறுத்தி டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருப்பதைத் திறந்து காட்டினான். பெரியண்ணன் பின்சீட்டுக்கு வந்து மனைவியின் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். பானுமதியின் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தார். தீர்த்தம்மாள் பட்டுக்குப் பதில் நூல் சேலை கட்டியிருந்தார்.

"கசங்குனாலும் தேய்ச்சுக்கலாம், இல்ல கண்ணு?" என்றார் பானுமதியிடம்.

வழியில் வீரமணி பேசவே இல்லை. பானுமதியும் தீர்த்தம்மாளும் அவனுக்கும் சேர்த்துப் பேசினார்கள். புளியமரத்தைத் தாண்டும்போது பெரியண்ணன் கையை நீட்டி வீரமணியின் தோளை ஒரு தட்டுத் தட்டினார். "ரோட்டைப் பாரு" என்றார், அவன் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மலையில் இறங்குமிடம் கூட்டமாக இருந்தது. தீர்த்தம்மாள் அவசரத்தில் வலதுபக்கக் கதவில் கை வைக்க, வீரமணி பதறி, "அம்மா, இந்தப் பக்கம் பஸ் வருதுங்க. அந்தப் பக்கமா எறங்குங்க" என்றான். அவர் நகர்ந்து நகர்ந்து இடதுபக்கம் இறங்கினார். பானுமதி அவர் கையைப் பிடித்துப் படியேற்றிக்கொண்டு போனாள்.

அதிலிருந்து தீர்த்தம்மாள் பானுமதியைத் தினமும் கூப்பிடுகிறார். இன்னிக்கு என்ன குழம்பு, அந்த வாலு வந்தாளா, கவிப்பிரியா பரீட்சை எப்படி எழுதினாள் என்று ஆரம்பித்தால் முடிவதில்லை. நேற்றுச் சாயங்காலம் வீரமணி வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோதும் பானுமதி காதில் போனோடு நின்றாள். வழியில் பார்த்ததையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி, இருங்க, என்றாள்.

"உங்கம்மா எப்ப போனை வெப்பா?" என்று மகளைக் கேட்டான்.

"தெரியலப்பா. ரசத்துல ஆரம்பிச்சாங்க, இப்பத்தான் ஊறுகாய்க்கு வந்திருக்காங்க."

வீரமணி சிரித்துக்கொண்டே கையைக் கழுவிவிட்டு, மூன்று பேருக்கும் தட்டு எடுத்துவைத்துச் சோறு போட்டான்.