மறுபாதி சொல்ல ஓர் ஆள்

அஜக்ஸ் ஸ்ரேசனில் ரெயின் வந்து நின்றது. றெமிஜியஸ் ஏறவில்லை. காதில் போனை வைத்தபடி மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்துகொண்டிருந்தான். வேலை முடிந்து வந்த சனம் அவனுக்கு விலகி வழிவிட்டது.

தூரத்து மாகாணமான சஸ்கச்சுவானில், அமெரிக்க எல்லையோடு ஒட்டிய சின்ன ஊர் ஒன்றில் டிராக்ரர் திருத்துகிற வேலை கிடைத்திருந்தது. மன்னாரில் வள்ளத்து எஞ்சின் திருத்தினவனுக்கு அது பெரிய வித்தை இல்லை. போனால் நிரந்தரமாகத் தங்கப் பேப்பர் கிடைக்கும். இங்கே வேலைப் பெர்மிற் முடியப்போகிறது. இன்றைக்கே பதில் சொல்லவேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இருந்த மனைவி நிரோஷினி ஒரே பிடியில் நின்றாள்: "அங்க தமிழ்ச் சனம் ஒண்டெண்டாலும் இருக்கோ எண்டு கேளுங்கோ. இருந்தா வாறன்."

மாதா கோயில் சுவாமியைப் பிடித்து ஒரு நம்பர் எடுத்தான். அந்த ஊரில் மோட்டல் நடத்துகிற அமிர்தநாதர். மணி அடிக்க முதலே எடுத்ததுபோல எடுத்தார். இவன் கேட்கவேண்டியதை அவர்தான் கேட்டார்: எந்த ஊர், எந்தப் பங்கு, ஆருடைய மகன், கட்டினது எங்கே.

"ஊர் எப்பிடி அங்கிள்?"

"ஊரோ? முக்கால்வாசி வானம், மிச்சம் வயல். பக்கத்து வீட்டு லைற் தெரியும், போறதெண்டால் கார் எடுக்கோணும். ஆனா நல்ல சனம். ரோட்டில ஆரைக் கண்டாலும் ஸ்ரியரிங்கில இருந்து ஒரு விரலைத் தூக்குங்கள். நீரும் தூக்கோணும். தூக்காட்டி, என்ன கோவமோ எண்டு வீட்டை வந்து கேக்குங்கள்."

"எல்லை?"

"வயலுக்குள்ள ஒரு கல் நிக்குது. அங்கால அமெரிக்கா. மாட்டுக்கு உது தெரியாது, போய் மேய்ஞ்சிட்டு வரும்."

"சாப்பாடு?"

"உதைக் கேக்காதையும்! ஊரில நாங்கள் திண்ட மைசூர்ப் பருப்பு இந்த வயலுகளிலதான் விளையுது. முழுக்கக் கப்பல் ஏறிப் போயிடும். எனக்கு மகள் உங்கட பக்கம், ஸ்ரௌவ்வில்லில இருந்து பருப்புப் பார்சல் அனுப்பிறவள்!"

றெமிஜியஸ் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"தம்பி, செபமாலை சொல்லுறனீரோ?"

"எப்பவாவது, அங்கிள்."

"ஒராள் முதல் பாதி சொல்ல மற்ற ஆள் மறுபாதி சொல்லோணுமெல்லே? இஞ்ச ரெண்டு பாதியையும் நான்தான் சொல்லுறன். குரலை மாத்திக்கூடப் பாத்தன், சரிவரேல்லை. ஒண்டு சொல்லட்டே? மறுபாதியை நீர் சொல்லும்."

அவர் அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கினார். றெமிஜியஸ் முதன்முறையாக ஓரிடத்தில் நின்றான். பக்கத்தில் நின்ற பெண் திரும்பிப் பார்க்கப் பார்க்க, தன் பாதியைச் சொல்லி முடித்தான்.

அமிர்தநாதர் மூக்கை உறிஞ்சினார். "உமக்கு ஒளிக்கக் கூடாது. மோட்டலை வித்திட்டன். வாற மாதம் மகளிட்ட வாறன்."

"அவ்வளவு கஷ்டமோ அங்கிள்?"

"இடத்தில பிழையில்லை. மனிசி போனாப் பிறகு மற்ற ஆள் இல்லை. ரெண்டு பேரெண்டால் இருக்கலாம்."

போனை வைத்த றெமிஜியஸ் வீட்டு நம்பரை அழுத்தினான். திரும்ப நடந்தான். நிரோஷினி எடுத்தவுடனே கேட்டாள்: "இருக்கோ?"

ஓம் என்ற சொல் வாய்வரை வந்தது. விழுங்கினான்.

"இண்டைக்கு ஒராள் இருக்கிறார். வாற மாதம் ரெண்டு பேர்."

"ஆர் அந்த ரெண்டு பேர்?"

"அவர் இஞ்சால வந்திடுவார். நானும் நீரும்தான்."

"விசரே உங்களுக்கு?"

விரல் தூக்குகிற சனம், வயலுக்குள் நிற்கிற கல், பருப்புப் பார்சல், தனிய இரண்டு பாதியும் சொல்லுகிற மனிதர் என்று ஒன்றும் விடாமல் சொன்னான். அந்தப் பக்கம் குசினிக் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதை அவள் நிறுத்தினாள்.

"முதல் பாதி நான்தான் சொல்லுவன். உங்களை விட்டா நடுவில நித்திரையாப் போயிடுவியள்."

"அப்ப... ஓம் எண்டு சொல்லட்டே?"

"வரேக்க பருப்பு ரெண்டு மூட்டை வாங்கிக்கொண்டு வாங்கோ. அங்க போய்ப் பார்சலுக்குக் காத்திருக்கேலாது."

அடுத்த ரெயினும் வந்து போனது. றெமிஜியஸ் மேடையின் அந்த முனையில் நின்று, வேலை தந்தவர்களின் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தான்.