முந்நூற்றெட்டும் ஆறரையும்

நோரீன் சமையலறை மேஜையில் இருந்த பன்றித்தொடைத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் எல்டனின் துப்பாக்கியைக் கிடத்தினாள். துக்கத்துக்கு வந்த பாத்திரங்கள் மேஜையை நிறைத்திருந்தன. எல்லாவற்றிலும் உருளைக்கிழங்கு, எல்லாவற்றின் மேலும் கார்ன்ஃப்ளேக்ஸ். எங்கள் பள்ளத்தாக்கில் யார் செத்தாலும் உருளைக்கிழங்குக்குத்தான் கேடு.

பக்கத்துப் பண்ணை மார்வா கையில் கரண்டியுடன் அப்படியே நின்றாள்.

"கண்ணு, சாப்பிடற மேஜையில துப்பாக்கியா?"

"அவர் உக்கார்ற இடம் மார்வா இது. இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

மார்வா கரண்டியைப் பாத்திரத்தில் விட்டாள். அந்த முகத்தைப் பார்த்தால், உருளைக்கிழங்கு ஆறுவதற்குள் விஷயம் காபிக் கடைக்குப் போய்விடும் என்று தெரிந்தது.

காலையில்தான் எல்டன் ஹாகனை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். உலகம் எந்த விதமாக முடிந்தாலும் அதற்கென்று எல்டனிடம் ஓர் அலமாரி இருந்தது. நிலநடுக்கத்துக்கு ஒன்று, மின்சாரம் போனால் ஒன்று, வசந்தம் வரை பாதை திறக்காவிட்டால் ஒன்று. அப்படிப்பட்ட மனிதர் முடிதிருத்தும் நாற்காலியில், கழுத்தில் துண்டு கட்டியபடி, பாதித் தலை வெட்டிய நிலையில் போய்ச் சேர்ந்தார். இதயம். கடைக்காரர் மறுநாள் சவச்சாலைக்கே வந்து மீதியை வெட்டிவிட்டுப் போனார். இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தது என்று சவப்பெட்டியை எட்டிப் பார்த்த எல்லோரும் சொன்னார்கள். எட்டிப் பார்க்காதவர் யாருமில்லை.

இனி பாக்கி இருந்தது அந்த இரும்புத் தட்டு மட்டும்.

தேவாலயத்து மணி ஒரு கடுங்குளிரில் விரிசல் விட்டுப்போனது. புது மணி வாங்க அமைத்த குழு இன்னும் கூடிக்கொண்டேதான் இருக்கிறது. எல்டன் சுட்டுப் பழகுவதற்காகத் தன் வீட்டுக்குப் பின்னால், ஓடைப் பள்ளத்துக்கு அந்தப்புறச் சரிவில், ஆயிரம் கெஜம் தள்ளி, சங்கிலியில் ஒரு தடித்த இரும்புத் தட்டைத் தொங்கவிட்டிருந்தார். மணி இல்லாமல் ஒரு சாவு நடந்த அன்று, மனசு கேட்காமல் அந்தத் தட்டைச் சுட்டு ஒலிக்கச் செய்தார். அதுவே வழக்கமாகிவிட்டது. அடக்கம் முடிந்ததும் செத்தவர் வீட்டு ஆள் யாராவது வந்து சுட வேண்டும். ஒரே தோட்டா. தவறிவிட்டால் எதிரே யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதற்குத்தான் காபிக் கடை இருக்கிறது. ஹட்சன் வீட்டு மாப்பிள்ளை தவறவிட்டுப் பல வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அவர் உள்ளே நுழைந்தால், யாராவது ஒருவர் கோப்பையைக் கரண்டியால் தட்டப் போய், தட்டாமல் நிறுத்துவார்.

பின்கதவு திறந்தது. எல்டனின் தம்பி டுவெய்ன் பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"நீ சுடப் போறியா?"

"வேற யாரு சுடுவா?"

"நான் சுடறேன். என் வண்டியில என் துப்பாக்கி இருக்கு."

"உன் துப்பாக்கி ஆறரை, டுவெய்ன்."

அந்த ஒரு வார்த்தைக்கு விளக்கம் வேண்டுமானால் காபிக் கடையில் ஒரு காலைப் பொழுது உட்கார வேண்டும். அண்ணன் முந்நூற்றெட்டு, தம்பி ஆறரை. இரண்டும் தோட்டாவின் அளவுகள்தான். ஆனால் அவற்றுக்காகக் கடையில் மேஜைகளே இரண்டாகப் பிரிந்து கிடந்தன.

"கடையெல்லாம் காலியானப்புறம் ஆறரைக்கு எங்கடா போவ?" என்பார் எல்டன். "முந்நூத்தி எட்டு பட்டாளத்துல இருக்கும், போலீஸ்கிட்ட இருக்கும், உன் மாமியார் வீட்டு டிராயர்லகூட இருக்கும். ஆபத்துக்கு எது கெடைக்குதோ அதான் தோட்டா."

"கெடைச்சு என்ன பண்ண? காத்தடிச்சா உன்னுது பக்கத்து மாவட்டத்துல போய் விழும். என்னுது சொன்ன எடத்துக்குப் போகும். சுடறவன் தோளையும் ஒடிக்காது."

"தோள் வலிக்குதுன்னா வீட்ல உக்காந்து ஸ்வெட்டர் பின்னு."

இதே வசனம், ஞாயிறு தவறாமல். நோரீன் எப்போதும் புருஷன் கட்சி. முந்நூற்றெட்டுக்காக மார்வாவோடுகூட ஒருமுறை சண்டை போட்டிருக்கிறாள். மார்வாவின் வீட்டில் துப்பாக்கியே கிடையாது.

"அவரைப் பொதைச்ச அன்னிக்கே அவர் தோத்தாருன்னு ஆகணுமா?" என்றாள் நோரீன் இப்போது. "ரோலண்டும் அந்த முந்நூத்தி எட்டு மேஜைக்காரங்களும் வாசல்ல வந்து நிக்கறதே அவர் கட்சி ஜெயிக்கறதைப் பாக்கத்தான். நீ ஆறரையால அந்தத் தட்டை அடிச்சா, நாளைலேர்ந்து அதான் பேச்சு. முந்நூத்தி எட்டுலதான் அடிக்கணும். அவர் பொண்டாட்டி அடிக்கணும்."

"உன் தோளு?"

"தோளுக்கு என்ன?"

இடது தோள்மூட்டை மாற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பூனையைத் தூக்கலாமா என்று கேட்டதற்கே அறுவை செய்த டாக்டர் யோசித்துத்தான் பதில் சொன்னார். நோரீன் பிறவியிலேயே இடதுகைக்காரி. துப்பாக்கியின் அடிக்கட்டை அந்தத் தோளில்தான் உதைக்கும்.

மார்வா உருளைக்கிழங்கைக் கிளறுவதுபோல் நின்றாள். அதில் கிளற ஒன்றுமில்லை.

"ஒரு தடவைதானே" என்றாள் நோரீன். "தாங்கிக்கறேன்."

வழக்கமான டுவெய்னாக இருந்தால் இந்நேரம் முந்நூற்றெட்டின் குறைகளை வரிசையாக அடுக்கியிருப்பார். இன்று தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிறவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோட்டா எடுக்கக் கீழ போவ இல்ல?" என்றார் கடைசியில். "பீச் பழ ஜாடி இருக்கற அலமாரி. அதுக்குப் பின்னாலயும் ஒரு தடவை பாத்துடு."

"பின்னால என்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல. சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

நிலவறைப் படிகளில் நோரீன் வலது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர்ப் பீப்பாய்கள், கோதுமை வாளிகள், பல ஜன்மத்துக்குத் தேவையான பேட்டரிகள். போன கிறிஸ்துமஸுக்கு எல்டன் அவளுக்குக் கொடுத்த, கையால் சுற்றும் மாவு இயந்திரம் பிரிக்காத பெட்டியிலேயே இருந்தது. அதற்கு முன் இலையுதிர் காலத்தில், கோட்டு வாங்கித் தருவதாகச் சொல்லி அளவு நாடாவை எடுத்துவந்து, முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல்வரை அளந்தார். இடது கையை மட்டும். கோட்டுக்கு ஒரு கையை அளந்தால் போதுமா என்று அவள் கேலி செய்தாள். கோட்டு வரவில்லை, மாவு இயந்திரம்தான் வந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே அந்தக் குளிர்காலம் முழுக்க அவரை வறுத்தெடுத்திருந்தாள்.

பீச் ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினாள். அவளே சிரப்பு காய்ச்சி ஊற்றியவை. பின்னால் சுவரோடு ஒட்டி ஒரு நீளப் பெட்டி நின்றது. பக்கத்தில் பச்சை இரும்புப் பெட்டிகள் வரிசையாக. எல்லாவற்றிலும் எல்டன் கைப்பட முந்நூற்றெட்டு என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. ஒன்றைத் திறந்தாள். ஆறரை. அடுத்ததைத் திறந்தாள். அதுவும் ஆறரைதான். ஊரையே நம்பவைத்த மனிதர், யாராவது நிலவறைக்கு வந்து பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று தன் பெட்டிகளுக்கே வேஷம் போட்டு வைத்திருந்தார்.

நீளப் பெட்டியில் ஒரு துப்பாக்கி. அதைத் தூக்கியதும் கைக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டின் கைப்பிடி இடது பக்கம் இருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து நோரீன் வலதுகைக்காரர்களின் துப்பாக்கியைத்தான் சுட்டிருக்கிறாள். ஒவ்வொரு குண்டுக்கும் கையை மேலே சுற்றிக் கொண்டுபோய்ப் போல்ட்டை இழுப்பாள். எல்டன் சிரிப்பார், நண்டு மாதிரி இருக்கிறாய் என்பார். இதில் இடது கை தானாகவே கைப்பிடியில் போய் உட்கார்ந்தது. அடிக்கட்டையை யாரோ அறுத்துக் குட்டையாக்கி, முனையில் தடித்த ரப்பர் வைத்திருந்தார்கள். தோளில் வைத்தாள். விரல் விசைக்கு நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. கன்னம் மரத்தில் சரியாகப் படிந்தது.

அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள், எதிரே இருந்த கோதுமை வாளிகளைக் குறிபார்த்தபடி.

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. டுவெய்ன் பாதிப் படியில் உட்கார்ந்தார்.

"செப்டம்பர்ல என் கொட்டகைக்கு வந்தான்" என்றார். "ஆறரையைப் பத்திச் சொல்லுடான்னான். என் வாழ்நாள்ல நான் காத்துக்கிட்டிருந்த நாள் அது. சிரிக்கலாம்னு வாயைத் தொறந்தேன். எனக்கு இல்லடான்னான்."

நோரீன் துப்பாக்கியை இறக்கவில்லை.

"ரெண்டு வலதுகைக் கெழவனுங்க, என் கொட்டகைக்குப் பின்னால படுத்து, இடது கையால சுட்டுச் சுட்டு அதைச் சரி பண்ணோம். யாராவது பாத்திருந்தா ஊரை விட்டே போயிருக்கணும். தட்டோட தூரத்துக்குத்தான் ஸ்கோப்பைத் திருப்பி வெச்சிருக்கான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எதுக்குன்னு கேப்பியாம்."

மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மார்வா நிலவறைக் கதவருகே வந்து உட்காருவதற்கான சத்தம் அது.

செப்டம்பரில் எல்டன் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று அவள் கேட்டாள். உப்பைக் குறைக்கச் சொன்னார் என்றார். அவளும் குறைத்தாள்.

நோரீன் இரும்புப் பெட்டியிலிருந்து ஒரே ஒரு தோட்டாவை எடுத்துக் கருப்பு உடையின் பையில் போட்டுக்கொண்டாள்.

"காத்து எப்படி இருக்கு?" என்றாள்.

டுவெய்ன் எழுந்தார். "மேற்கேர்ந்து. நிதானமாதான் இருக்கு." பிறகு தயங்கினார். "ரோலண்டுக்குக் காது நல்லாக் கேக்கும் நோரீன். ரெண்டுக்கும் சத்தம் வேற வேற. அதுவும் அவன் தெரிஞ்சுப்பான்."

"தெரிஞ்சுக்கட்டும். இதை அவர் எனக்குன்னு செஞ்சு வெச்சிருக்கார். வேற எதால நான் சுடுவேன்?"

துப்பாக்கியை எல்டனின் பழைய குதிரைப் போர்வையில் சுற்றி மேலே கொண்டுவந்தாள். மேஜையில் கிடந்த துப்பாக்கியை மார்வா பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள்.

"பன்னித்தொடையைத் திருப்பி நடுவுல வெச்சுடு மார்வா" என்றாள் நோரீன்.

கொல்லையில் ஏப்ரல் மாதத்துப் பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. வேலியோரம் வண்டிகள். ஆண்கள் தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ரோலண்ட், முந்நூற்றெட்டு மேஜையின் தலைவர். போதகரைவிட ஒரு அடி முன்னால் நின்றார். நோரீன் அவர்களைத் தாண்டி, பள்ளத்தின் விளிம்புவரை போய்ப் போர்வையை விரித்து, கருப்பு உடையோடு குப்புறப் படுத்தாள். போர்வையின் ஒரு மூலையை இழுத்துத் தோளுக்கு மேல் போட்டுக்கொண்டாள். டுவெய்ன் அவளுக்கு இடது பக்கம் முழங்காலிட்டார்.

"தட்டோட வலது ஓரத்தைப் பிடி" என்றார் மெதுவாக. "இரு. புல்லு சாயுது. இரு."

ஸ்கோப்புக்குள் தட்டு சின்னதாகத் தெரிந்தது. அதில் எல்டனுடைய பழைய அடிகளின் சாம்பல் தழும்புகள். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தினாள்.

"இப்ப."

துப்பாக்கி அவள் தோளை ஒருமுறை தள்ளிவிட்டு நின்றது. அதிகமில்லை. தூக்கத்தில் புரளும் ஆள் முதுகால் இடிப்பதுபோல. பிறகு ஒன்றுமில்லை. இங்கே சுட்டது அங்கே போய், அங்கே பட்டது இங்கே வர வேண்டும். ஊரே அதற்காக நின்றது. 

டங்ங் என்று வந்தது.

பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். நோரீன் பழக்கதோஷத்தில் போல்ட்டைத் திறந்தாள். அடியில் அளவு பொறித்த பித்தளைக் கூடு இடது பக்கமாகத் துள்ளி, பனியில் போய் விழுந்தது. அவள் எழவில்லை. போர்வையோடு சேர்த்துத் துப்பாக்கியை அணைத்தபடி, அசைந்துகொண்டிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோலண்ட்தான் முதலில் வந்தார். தலையைச் சாய்த்து, காதை ஒரு விரலால் குடைந்துகொண்டே.

"நல்ல அடி. ஆனா டுவெய்ன், சத்தம் என்னமோ மாதிரி இருந்துச்சே. உன்னுதா அது? என்ன தோட்டா போட்டா?"

டுவெய்ன் எழுந்து ஒரு எட்டு எடுத்துவைத்து நின்றார்.

"முந்நூத்தி எட்டு" என்றார். "வேற என்ன?"

"அப்படியா?"

"என் அண்ணன் வீட்ல வேற என்னய்யா இருக்கும்?"

ரோலண்ட் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, நான் அப்பவே சொன்னேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வீட்டை நோக்கி நடந்தார். கூட்டமும் சாப்பாட்டுக்கு உள்ளே போனது.

டுவெய்ன் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. மார்வா இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் பன்றித்தொடையும் உருளைக்கிழங்கும் வைத்த தட்டை அவர் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள். கூடு விழுந்த இடத்தில் இடது பூட்ஸைப் பனியில் அழுத்தி ஊன்றியபடி, அவர் அங்கேயே நின்று சாப்பிட்டார்.