கடைசி பெஞ்சு நீதிபதி

"கையத் தூக்குங்களேன்!" என்று அதட்டிக்கொண்டே, விறைத்துப்போன கணவரின் கையைப் பழுப்புக் கோட்டுக்குள் நுழைக்கப் பார்த்தாள் அஃபியோங். உயிரோடு இருந்தபோதே எக்பென்யோங் அவள் பேச்சைக் கேட்டவர் இல்லை. இப்போதா கேட்கப்போகிறார்?

பிணவறை வாசலில் கொழுந்தன் அசுகுவோ நின்றான். கையில் அண்ணனுடைய சிவப்பு நீதிபதி அங்கி, பொய்முடி.

"அண்ணி, வெளையாடாதீங்க. கலபார் ஊரு வக்கீலுங்க அத்தன பேரும் சர்ச்சுல கறுப்பு கவுனோட நிக்கிறாங்க. பத்தொம்பது வருஷம் ஜட்ஜா இருந்தவர இந்த நைஞ்சுபோன கோட்டுலயா அனுப்புவீங்க?"

"இதுலதான் போறாரு. நீ அந்தக் கைய மடக்கு."

ஐந்து வருடங்களுக்கு முன் அவளுடைய அம்மாவின் ரொட்டிக்கடை தன்னுடையது என்று ஒரு ஓட்டல்காரன் வழக்குப் போட்டான். அம்மா விட்டுப்போனது அது ஒன்றுதான். வீட்டிலேயே இவ்வளவு பெரிய சட்டப்புலி இருக்கும்போது என்ன பயம் என்று நினைத்தாள்.

"முடியாது அஃபியோங்," என்றார் எக்பென்யோங். "ஜட்ஜா இருந்தவன் திரும்ப வக்கீலா நிக்கக் கூடாது. இந்த நாட்டுல எந்தக் கோர்ட்டுலயும் எனக்கு வாய் கெடையாது."

"அப்போ நீங்க இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்?"

ஒரு வாரம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் வழக்கு நாளன்று பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கேதான் வந்தது வினை. வழக்கின் பெயரைக் கூப்பிட்டதும், வக்கீலாக இருந்த காலத்துப் பழக்கம், சட்டென்று எழுந்து, "தயார், மை லார்ட்!" என்றுவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளிக் குதித்தான். முன்னாள் நீதிபதி வழக்காடுகிறார் என்று ஒரே கூச்சல். வழக்கு நாலு மாதம் தள்ளிப்போனது.

அன்றிலிருந்து கோர்ட்டுக்குள் நுழையும்போதே பாக்குபோல மெல்லும் கசப்புக் கோலாக்கொட்டை ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வார். எதிராளி வாய் கூசாமல் பொய் சொல்வான். இவர் தாடை மட்டும் அசையும். ஐந்து வருடமும் ஒரு நாள் தவறாமல் வந்தார்.

மூன்று வாரத்துக்கு முன் தீர்ப்பு வந்தது. கடை அவளுக்கே. வக்கீலைக் கட்டிப்பிடித்து ஆடினாள். தெருவுக்கெல்லாம் ரொட்டி கொடுத்தாள். கடைசி பெஞ்சில் இருந்தவரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளலாம், எங்கே ஓடிப்போகிறார் என்று இருந்துவிட்டாள், பாவி.

"அந்த அங்கி சர்க்கார் குடுத்தது அசுகுவோ. இந்தக் கோட்டு எனக்காகப் போட்டது," என்றாள்.

அசுகுவோ உள்ளே வந்தான். அங்கியை நாற்காலியில் வைத்துவிட்டு வந்து அண்ணனுக்குப் பொத்தான் மாட்டினான். கோட்டுப் பையில் ஏதோ தட்டுப்பட்டது. பாதி கடித்த கோலாக்கொட்டை.

"தூக்கிப் போட்டுடவா அண்ணி?"

"குடு இப்படி."

சர்ச்சில் முதல் வரிசையில் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பாதிரியார் அவளருகே குனிந்து, "நீங்க ரெண்டு வார்த்தை பேசுறீங்களாம்மா?" என்று கேட்டார்.

அஃபியோங் வேண்டாமென்று தலையை மட்டும் அசைத்தாள். பிறகு எழுந்து, கறுப்பு கவுன்களையெல்லாம் தாண்டிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் தாடை மெல்ல அசைந்துகொண்டிருந்தது.