பெஸ்ஸியின் காதும் ஈஸ்வரமூர்த்தியின் வண்டியும்

ஈஸ்வரமூர்த்தியைக் கெட்டவன் என்று கோயமுத்தூரை ஒட்டிய கணபதி ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. உருப்படுவான் என்றும் ஒருவரும் சொன்னதில்லை. சோடா கம்பெனி வைத்தான். பாட்டில்கள் வெடித்துக் கம்பெனி படுத்தது. வெல்லம் வாங்கி விற்கப் போனான். சந்தைக்குப் போகிற வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. கடைசியாக ஒரு பழைய மோட்டாரை வாங்கி வாடகைக்கு விட்டான். அந்த நேரம் பார்த்துத் தெருவுக்குத் தெரு பஸ் ஓட ஆரம்பித்தது. இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம். இத்தனைக்கும் அவன் முகத்தில் சிரிப்பு குறையவே இல்லை. மாமனாருக்கு அவனிடம் பிடிக்காத முதல் சங்கதி அந்தச் சிரிப்புதான்.

மாமனார் காளிச்சாமிக் கவுண்டருக்குக் கிணத்துக்கடவில் ரோட்டை ஒட்டினாற்போல் பெரிய தென்னந்தோப்பு. போன தடவை மகள் வீட்டுக்கு வந்தவர், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளை, இந்த மோட்டாரும் படுத்துதுன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு தோப்புக்கே வந்துருங்க. மட்டை பொறுக்க எனக்கும் ஒரு ஆளு வேணுமுங்க."

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதைதான் ஈஸ்வரமூர்த்தியின் தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய், தினமும் எழுந்ததும் அந்த மீசையில் விழிப்பதாவது! பட்டினி கிடந்தாலும் கணபதியிலேயே கிடப்பது என்று மனைவி வள்ளியாத்தாளிடம் சொல்லிவைத்தான். அவளுக்கும் அதில் பூரண சம்மதம். அப்பா வீட்டில் ஒரு நாள் இருந்தால் மகாராணி, ஒரு மாதம் இருந்தால் வேலைக்காரி என்பது அவளுக்குத் தெரியாதா?

வழி காட்டியவர் கோயமுத்தூர் ரயிலடியில் பார்சல் குமாஸ்தாவாக இருந்த கோவிந்தராஜுலு. வால்பாறைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் மெட்ராஸிலிருந்து ரயிலில் நாய்களை வரவழைத்தார்கள். ரயில் கோயமுத்தூரோடு இறக்கிவிடும். அங்கிருந்து மலைக்கு எந்த பஸ்காரனும் நாயை ஏற்றமாட்டான்.

"மனுசன் போறதுக்கு எத்தனையோ வண்டி இருக்குதுங்க. நாய்க்குத்தான் ஒண்ணுமில்ல. உங்க வண்டி சும்மாதான நிக்குது?" என்றார் குமாஸ்தா.

ஈஸ்வரமூர்த்திக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு விரித்து, தண்ணீருக்கு ஒரு தகர டப்பாவும் வைத்தான். 'நாய் மோட்டார் சர்வீஸ்' என்று பலகை எழுதி முன்னால் மாட்டினான். தெரு மொத்தமும் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

முதல் சவாரி பெஸ்ஸி. வால்பாறை துரைசாணி ஒருத்தியின் நாய். பழுப்பு நிறம், ஈரமான கண், தரையைக் கூட்டுகிற மாதிரி நீளக் காது. விடியற்காலை ரயிலில் வந்து இறங்கியது. பொழுது சாய்ந்தால் மலையடிவாரத்துக் கேட்டை அடைத்துவிடுவார்கள். அதற்குள் ஏறிவிட வேண்டும். இந்தச் சவாரி ஒழுங்காக முடிந்தால் மற்ற தோட்டத்து நாய்களும் ஈஸ்வரமூர்த்திக்கே வரும்; முடியாவிட்டால் தென்னை மட்டைதான். குமாஸ்தா சொல்லித்தான் இது அவனுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

நேராக மலைக்குப் போயிருக்கலாம். ஆனால் வந்தவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. பெஸ்ஸியை வீட்டுக்கு அழைத்து வந்தான். வள்ளியாத்தாள் தயிர்சோறு பிசைந்து வைத்தாள். விருந்தாளி வட்டிலை நக்கிச் சுத்தம் செய்துவிட்டு, வண்டியில் ஏறிச் சாக்கில் உட்கார்ந்தது. ஈஸ்வரமூர்த்தி சாமி கும்பிட்டு, வண்டியை முடுக்கி, ஸ்டியரிங்கில் கை வைத்தான்.

பெஸ்ஸி தலையைச் சிலுப்பிக் காதைப் படபடவென்று உதறியது.

ஈஸ்வரமூர்த்தி வண்டியை நிறுத்திவிட்டான். புறப்படுகிற நேரத்தில் நாய் காதை உதறினால் போகிற காரியம் விளங்காது. திரும்பி வந்து, சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்தப் பக்கத்தில் இதை மீறுகிறவர்கள் குறைவு. ஈஸ்வரமூர்த்தியோ மூன்று தொழிலில் அடிபட்டவன், மீறுவானா? உட்கார்ந்தான், குடித்தான், மறுபடி ஏறினான். பெஸ்ஸி மறுபடி உதறியது. அவ்வளவு பெரிய காதை வைத்துக்கொண்டு அதுதான் என்ன செய்யும்?

இப்படியே வெயில் ஏறிவிட்டது. ஈஸ்வரமூர்த்தியின் வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது. தெருக்காரர்கள் வேலைவெட்டியை விட்டுவிட்டு வேலியோரம் நின்றார்கள். நாய் வண்டி ஓட்டுகிறவன் நாய் சகுனம் பார்த்தால் என்ன ஆகும் என்று அவனைத் தவிர எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது போலும். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

செம்பு தூக்கித் தூக்கி அலுத்துப்போன வள்ளியாத்தாள், செம்பைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏனுங்க, சகுனம் யாருக்குங்க?"

"பயணம் போறவங்களுக்குத்தான்."

"இப்ப பயணம் போறது யாரு? நீங்களா, பெஸ்ஸியா?"

ஈஸ்வரமூர்த்தி யோசித்தான். "பெஸ்ஸிதான்."

"நாம வண்டி ஓட்டற ஆளுங்க. நாய் காதை உதறுனா மனுசனுக்குத்தான் ஆகாது. நாய்க்கு நாய் காது என்னுங்க பண்ணும்? நீங்க வேணும்னா உங்க காதை உதறாம ஓட்டுங்க, போதும்."

ஈஸ்வரமூர்த்தி மனைவியைப் பார்த்த பார்வையில், கல்யாணத்தன்று கூட இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். பெஸ்ஸி உதற உதற வண்டி கிளம்பியது.

வழியில் இருந்த கிணத்துக்கடவை மாமனார் கண்ணில் படாமல் கடந்துவிட வேண்டும் என்று அவன் வண்டியை விரட்டினான். தோப்பு வேலிக்கு நேராக வரும்போது ஒரு கறுப்புப் பூனை ரோட்டுக்குக் குறுக்கே ஓடியது. பழக்கதோஷம், கால் பிரேக்கை மிதித்துவிட்டது. பூனை போனது மனிதனுக்குக் கெட்ட சகுனமாக இருக்கலாம். பெஸ்ஸிக்கு அதைவிட நல்ல சகுனம் வேறில்லை. சந்தோஷம் தாங்காமல் ஒரே தாவாகத் தாவி வெளியே குதித்து, பூனைக்குப் பின்னாலேயே தோப்புக்குள் மறைந்தது.

"போச்சு" என்றான் ஈஸ்வரமூர்த்தி. வள்ளியாத்தாள்தான் இறங்கி ஓடினாள். அவனும் பின்னால் ஓடினான்.

பூனையைக் காணோம். பெஸ்ஸி வாய்க்காலில் விழுந்து எழுந்து, தலை முதல் வால் வரை சேறாகத் தோப்புக் குடிசைக்கு முன்னால் நின்றது. அங்கே சாக்கின் மேல் மாமனாரின் நாய் கருப்பன் படுத்துக்கிடந்தது. ஊரையே கடித்து வைத்த கருப்பன் இப்போது முன்னங்கால் வீங்கி, மோந்து பார்க்கக் கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. பெஸ்ஸி அதன் மூஞ்சியை நக்கியது. கருப்பன் கண்ணைத் திறந்தது. மெல்ல வாலை ஆட்டியது. மூன்று காலில் எழுந்து நின்றது.

பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு காளிச்சாமிக் கவுண்டர் குந்தியிருந்தார். "என்ற கையால குடுத்தும் எந்திரிக்கலீங்க மாப்பிள்ளை" என்றார். கருப்பன் கஞ்சியைக் குடிக்க ஆரம்பித்ததும் தலையைத் திருப்பிக்கொண்டு மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். அந்த மீசைக்குப் பின்னால் இப்படி ஓர் ஆள் இருப்பது ஈஸ்வரமூர்த்திக்கு அன்றுதான் தெரிந்தது.

பெஸ்ஸி யாருடைய நாய், எங்கே போகிறது என்று வள்ளியாத்தாள் மூச்சுவிடாமல் சொன்னாள். மாமனார் மட்டையைப் பற்றிப் பேசவில்லை. "இந்தக் கோலத்துல வெள்ளைக்காரி ஊட்டுக்குப் போறதா? கெணத்தடிக்குக் கூட்டிட்டு வாம்மணி" என்று எழுந்தார். அவர் இறைத்து ஊற்ற, மகள் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். மருமகன் துவட்டினான். காதை மட்டும் மாமனாரே பொறுமையாகச் சீவிவிட்டார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு மலையடிவாரத்தை எட்டினார்கள். கேட்டைச் சாத்தப் போன ஆள் வண்டிப் பலகையைப் படித்துவிட்டுச் சிரித்ததில் தாமதமாயிற்று. அந்தச் சிரிப்புக்குள் வண்டி உள்ளே போய்விட்டது. மலை ஏறிப் பங்களாவைச் சேர்ந்தபோது துரைசாணி விளக்கோடு வாசலில் காத்திருந்தாள். பெஸ்ஸியைத் தூக்கி அணைத்தவள் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். பிறகு பட்லர் இன்னாசிமுத்துவிடம் படபடவென்று என்னவோ சொன்னாள்.

"ரயில்ல வந்த நாய் எதுவும் இப்படிக் குளிச்சு, சீவி, வாசனையா வந்து சேர்ந்ததில்லையாம்" என்றார் பட்லர். "அடுத்த தோட்டத்துல நாலு நாய் கீழ போகோணுமாம். எப்ப வரமுடியும்னு கேக்கறாங்க."

குளிப்பாட்டியது யார் என்று ஈஸ்வரமூர்த்தி சொல்லவில்லை. வள்ளியாத்தாள்தான் நாள் சொன்னாள்.

மறுநாள் இறங்கி வரும்போது கிணத்துக்கடவில் தோப்புக்கு முன்னால் மாமனார் வெளுத்த சட்டை போட்டு நின்றிருந்தார். கையில் கருப்பன். போர்வையில் சுற்றிக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்தியிருந்தார்.

"கோயமுத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போகோணுமுங்க. பஸ்காரன் ஏத்தமாட்டேங்கறான்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க வண்டியில எடம் இருக்குங்களா, மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க மாமா." ஈஸ்வரமூர்த்தி இறங்கிக் கருப்பனை வாங்கி, தன் பக்கத்துச் சீட்டில் மெதுவாகக் கிடத்தினான். "நீங்க பின்னால ஏறிக்குங்க. முன்சீட்டு சவாரிக்கு."

கவுண்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறி, மகளுக்குப் பக்கத்தில் வைக்கோலில் கால் வைத்து உட்கார்ந்தார். கடைவீதியில் தெரிந்தவர்கள் வியப்போடு எட்டிப் பார்த்து, எங்கே இவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். அவர் வெளியே தலையை நீட்டி, கடைசிக் கடை வரைக்கும் கேட்கிற குரலில் பதில் சொன்னார்.

"எங்க மாப்பிள்ளை வண்டிங்க!"

ரோட்டில் ஆடுமாடு கூட இல்லை. ஈஸ்வரமூர்த்தி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனான்.