தானே அணையும் வண்டி

செய்யாத குற்றத்துக்கு அடி வாங்கினவனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதுதான் அன்றைக்குச் சென்னகேசவனுக்கு வந்தது. செய்த குற்றத்துக்கு யார் என்ன பேசினாலும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. கோவையில், கணபதிப் பகுதியில் வெகுகாலமாக லேத் பட்டறை நடத்துகிறவர். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று ஊர் சொன்னதைச் சிரித்துக்கொண்டே கேட்டு வளர்ந்தவர். ஆனால் இது அவர் செய்ததல்ல, வண்டி செய்தது. அதை வண்டிக்குள் இருந்த இரண்டு பேருமே நம்பவில்லை.

புது வண்டி. குட்டி எஸ்யூவி, மைல்டு ஹைபிரிட். ஓட்டுவது பெட்ரோல் இன்ஜின்தான். சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன பேட்டரி இருக்கும். கிளம்பும்போதும் மேடேறும்போதும் பின்னால் ஒருவர் கைகொடுத்துத் தள்ளுவதுபோல அது கொஞ்சம் தள்ளிவிடும். பிரேக் பிடிக்கையில் வீணாகிற விசையைப் பிடித்துத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும். வீணாவதைச் சேர்த்து வைக்கிற அந்தக் குணத்துக்காகவே அவர் அதை வாங்கினார். வண்டி நிறைய ஆளோடு மருதமலை ஏறியபோது அது முனகாமல் ஏறிய கதையைப் பட்டறையில் கேட்காத ஆளில்லை.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. சிக்னலில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் தானே அணைந்துவிடும். கிளட்ச்சை மிதித்தால் சத்தமில்லாமல் மறுபடி உயிர் வரும். நடுவில் ஏசி காற்றைத் தருமே ஒழியக் குளிரைத் தராது.

சித்திரை வெயிலில், அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரியிலிருந்து பத்மாவதியை அழைத்துக்கொண்டு வந்த அந்த மத்தியானத்தில் வினையானது அந்தக் குணம்தான்.

பத்மாவதி, அவர் மனைவி ராமாமணியின் அக்கா. உடுமலைப்பேட்டையில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வம்சி கனடாவில். தென்னந்தோப்புக்கு நடுவே தனியாக இருக்கிறவருக்கு இப்போது இதயத்தில் பைபாஸ் செய்திருந்தது. கொஞ்ச காலம் பக்கத்தில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தன் வீட்டுக்கு வரச்சொல்லி ராமாமணி கெஞ்சாத நாளில்லை. பத்மாவதி பிடிகொடுக்கவே இல்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். முன்பு ஒரு கோடையில் தங்க வந்தவரின் அறையில், தூங்கிவிட்டார் என்று நினைத்து, சென்னகேசவன் மெல்லப் போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார். காலையில் பத்மாவதி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியவர்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை.

டிஸ்சார்ஜ் அன்று காலையில், தங்கையின் அழுத முகத்தைப் பார்த்துத்தான் சரி என்றிருந்தார். அந்தச் சரி எவ்வளவு மெல்லிய நூல் என்று சென்னகேசவனுக்குத் தெரியும். அது அறுந்தால், ராமாமணி இந்த ஜென்மத்தில் தன்னை மன்னிக்கமாட்டாள் என்பதும் தெரியும்.

முதல் சிக்னலில் வண்டி அணைந்தது. இரண்டாவதில் ராமாமணி புடவைத் தலைப்பால் அக்காவுக்கு விசிறினாள். மூன்றாவதில், "ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளாச்சும் அணைக்காம ஓட்டுங்க. அக்காளுக்கு வேர்க்குது," என்றாள்.

"நானெங்க அம்மிணி அணைச்சேன்? அதுவா அணையுது."

பின் சீட்டிலிருந்து பத்மாவதியின் குரல் வந்தது. நெஞ்சில் தையல் இருந்ததால் மெதுவாகத்தான் பேசினார்.

"அதுவாத்தான் அணைஞ்சிருக்கும், ராமா. உங்க ஊட்டுல ஃபேனுகூட அன்னைக்கு அதுவாத்தான நின்னுச்சு."

சென்னகேசவனுக்குக் காது மடல் சுட்டது. அவர்கள் வீட்டுத் தெலுங்கில் மனைவியின் அக்காவை வதினா என்பார்; தங்கை புருஷனான இவரை அவர் மரிதி என்பார். வதினாவுக்கு எதிர்ப்பேச்சுப் பேசிப் பழக்கமில்லை. ஆகவே ஸ்டியரிங்கை முறைத்தார். பேட்டரி, இன்ஜின், தானியங்கி என்று முடிந்தமட்டும் விளக்கிப் பார்த்தார். விளக்க விளக்க அது பொய் போலவே கேட்டது. ஒரு பைசா வீணாக்காதவன், தன் வண்டி தானாகவே பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறது என்றால் யார்தான் நம்புவார்கள்?

காந்திபுரம் பக்கம் திரும்புகிற இடத்தில் போலீஸ் கயிறு கட்டி மறித்திருந்தது. மாரியம்மன் திருவிழா, தீச்சட்டி ஊர்வலம். மஞ்சள் புடவையில் பெண்கள் வேப்பிலையும் நெருப்புச் சட்டியுமாக வெறுங்காலில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னாலும் பின்னாலும் வண்டிகள். நகர வழியில்லை. சென்னகேசவன் நியூட்ரலில் தள்ளினார். வண்டி சொல்லிவைத்தாற்போல அணைந்தது.

பத்மாவதி கண்ணை மூடிக்கொண்டார்.

"மரிதி, கயிறை அவுத்ததும் வண்டிய உடுமலைக்குத் திருப்புங்க. நான் எங்கூட்டுக்கே போறனுங்க."

"அக்கா," என்று ராமாமணி அவர் கையைப் பிடித்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். பெற்ற தாய்போல வளர்த்தவளை ஒரு கரண்டிப் பெட்ரோலுக்காக அனுப்புகிறீர்களே, இது உங்களுக்கே நியாயமா, சாமி பார்த்துக்கொண்டுதானே போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

அப்போதுதான் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை காலமும் பேசினார்கள், பொறுத்தார். இன்றைக்குத் தன் பக்கம் சத்தியம் இருக்கிறது. அதற்கு ஒரு சாட்சியும் இருக்கிறது. மகள் லாஸ்யா பெங்களூரில் இன்ஜினீயர். வண்டி எடுத்த அன்று கூட வந்து, எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவள். பெருமாள் பேரில் ஆணையிட்டாலும் நம்பாதவர்கள் அவள் சொன்னால் நம்புவார்கள். வண்டியின் ஸ்பீக்கரிலேயே அவளைக் கூப்பிட்டார்.

"கண்ணு, உங்கம்மாகிட்டயும் பெரியம்மாகிட்டயும் சொல்லு. சிக்னல்ல இந்த வண்டிய நான் அணைக்கறனா, அதுவா அணையுதா?"

லாஸ்யா சிரித்தாள். அது வண்டியின் வேலைதான், அப்பா மேல் தப்பே இல்லை என்று தெளிவாகச் சொன்னாள். சென்னகேசவன் கண்ணாடி வழியாகப் பின் சீட்டைப் பார்த்தார். அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நெடுநாள் வழக்கில் தீர்ப்பு சாதகமாக வந்தவன் மாதிரி அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆனா ஏன்ப்பா அவதிப்படறீங்க?" என்று ஸ்பீக்கர் தொடர்ந்தது. "ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல சுவிட்ச் இருக்குதுல்ல? அதை அமுக்குனா அணையாது. முதல் நாளே நான் அமுக்கிக் காட்டுனன். மைலேஜ் போயிரும்னு நீங்கதான மறுபடி பழையபடி ஆக்குனீங்க. கிளட்ச்சை மிதிச்சு வெச்சாக்கூட அணையாதுன்னு சொன்னேனே. பெரியம்மாவுக்காக அமுக்கி உட்டுருங்கப்பா."

வண்டிக்குள் வெறுங்காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது.

அந்தச் சுவிட்ச்சை அவர் மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருந்தார். மறதிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஆண்டவனுக்குத் தெரியும். அந்த நிமிஷத்தில் அவருக்கும் தெரிந்தது.

ஆனாலும் கோபம் போகவில்லை. போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. கேட்டதற்கு மேல் பேசின மகள் மேல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட மனைவி மேல், கடைசியில் தன் விரல் மேல். அந்த விரலால் சுவிட்ச்சைக் குத்தினார். கிளட்ச்சை மிதிக்க இன்ஜின் உயிர் பெற்றது. ஏசியைக் கடைசி வரைக்கும் திருகினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைத் திறந்து வெயிலில் இறங்கினார். அந்தக் குளிரில் உட்கார அவருக்கு முகமில்லை.

தார் ரோடு கொதித்தது. ஊர்வலத்தின் முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றது. நடந்து வருகிற கால்களுக்கு முன்னே சிலர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ராசாத்தாள் என்று மற்றவர்கள் கூப்பிட்ட ஒரு பெரிய உருவத்துப் பெண் இவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, சும்மாதான நிக்கறீங்க? செருப்பக் கழட்டிப்போட்டு இந்தக் கொடத்தப் புடிங்க."

மறுக்கத் தோன்றவில்லை. செருப்பை வண்டியோரம் விட்டுவிட்டுக் குடத்தை வாங்கினார். தார் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டது. சட்டியைத் தாங்கி ஒரு பெண் வந்தாள். அவள் காலுக்கு முன்னால் மெல்லிய நூலாக, அளந்து, ஒரு குடம் நாலு பேருக்கு வருகிற மாதிரி ஊற்றினார். தண்ணீர் விழுந்த இடத்திலேயே ஆவியாயிற்று. அந்தப் பெண் அதன் மேல் கால் வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, அவசரமாக அடுத்த அடிக்குத் தாவினாள்.

"என்னுங்க இது," என்றாள் ராசாத்தாள். "தண்ணி ஊத்தறீங்களா, தீர்த்தம் குடுக்கறீங்களா? அவுங்க காலு வேகுதுங்க. இப்படி நின்னு அளக்கறதுக்கு நீங்க ஊத்தாமயே இருக்கலாம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சென்னகேசவனுக்குக் கண்வரை ரத்தம் ஏறியது. அந்தக் கோபத்தோடேயே குடத்தை ஒரேயடியாகக் கவிழ்த்தார். ரோடு நனைந்து ஓடியது. அடுத்து வந்தவள் அந்த ஈரத்தில் இரண்டு காலையும் வைத்து ஒரு கணம் நின்றாள். கண்ணை மூடி, "மகராசனா இருங்க சாமி," என்று சொல்லிவிட்டு நடந்தாள். யாரும் அவரை அப்படிச் சொன்னதில்லை. அடுத்த குடத்தையும் கவிழ்த்தார். அதற்கடுத்ததையும். லாரிக்கும் ஊர்வலத்துக்கும் இடையே ஓடி ஓடி, சட்டை முழுக்க நனைந்து, யாரோடு சண்டை போடுகிறோம் என்று தெரியாதவர்போல ஊற்றிக்கொண்டே இருந்தார்.

ஊர்வலம் கடந்ததும் கயிற்றை அவிழ்த்தார்கள். பின்னால் ஹாரன்கள் பொறுமை இழந்தன. நொண்டிக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். உள்ளே குளிர்ந்திருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டில் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல், "உடுமலைக்குத்தானுங்களா, வதினா?" என்றார்.

பின் சீட்டிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் அவர் தோளைத் தொட்டது.

"கால் கொப்புளிச்சிருக்கும். வெளிய நீட்டி ஊத்துங்க," என்றார் பத்மாவதி.

"இது நீங்க குடிக்கறதுங்க. வீணா எதுக்குங்க."

"ஊத்துங்கன்னா ஊத்துங்க, மரிதி." குரலில் இன்னும் சூடு தணியவில்லை. "எனக்கு ஆத்தரம் போயிருச்சுன்னு நெனைக்காதீங்க. அது அத்தனை சீக்கிரம் போகாது. நாளைக்கும் திட்டுவன், நாளான்னிக்கும் திட்டுவன். உடுமலைல இருந்துக்கிட்டு உங்களை எப்படித் திட்டறது? கணபதிக்கே போங்க."

ராமாமணி ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. ஆனால் அவள் தோள் குலுங்கியது. அது அழுகையா சிரிப்பா என்று கண்ணாடியில் தெரியவில்லை.

சென்னகேசவன் காலை வெளியே நீட்டி, பாட்டிலைக் கவிழ்த்தார். பின்னால் ஒரு பஸ்காரர் தலையை நீட்டி வைது தீர்த்தார். கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டுத்தான் அவர் கதவைச் சாத்தினார்.