முதுகுக்குப் பின்னால் ஒரு ஃபைனல்

"சார், நான் களத்தைப் பார்த்து நின்னுக்கிறேன்."

எதை மட்டும் கேட்டுவிடாதே என்று சித்தி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாளோ, அதைத்தான் கேட்டாள். மேற்பார்வையாளர் வாக்கி-டாக்கியைக் காதிலிருந்து இறக்கினார்.

"என்னது?"

"ஃபைனல் சார். காலேஜ் நெட்பால் டீம்ல நான் கோல்கீப்பரா இருந்தவ. கடைசிக் கால்பகுதி மட்டுமாவது..."

"நீ ஆடினவளா இரு, ஆட்டி வச்சவளா இரு. இங்க முதுகு களத்துக்கு, மூஞ்சி கூட்டத்துக்கு. போன தடவை ஒருத்தன் தடுப்பைத் தாண்டி உள்ள குதிச்சானே, ஏன்? காவலுக்கு நின்னதுங்க எல்லாம் பந்தைப் பார்த்துட்டு நின்னுச்சுங்க."

இதைச் சொல்லும்போது அவர் கண் அவள் தோளுக்கு மேலாகக் களத்தில்தான் இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அரங்கத்தில் தரை துடைக்கும் சித்தி, யார் யார் காலையோ பிடித்து வாங்கிக் கொடுத்த தற்காலிக வேலை இது. போட்டி முடிந்ததும் டிக்கெட் அலுவலகத்தில் ஒரே ஒரு நிரந்தர இடம். மேற்பார்வையாளர் கைகாட்டும் ஆளுக்குத்தான் அது. வீட்டில் முதல் பட்டதாரி அவள். பட்டம் வாங்கிய நாளிலிருந்து "வேலை என்னாச்சு, வேலை என்னாச்சு" என்று ஆளாளுக்கு அரித்தெடுத்தார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றாள்.

நிற்க வைத்த இடமாவது உருப்படியா? நம் ஊர் அணியோடு மோதும் எதிரணியின் ரசிகர்கள் பகுதி. அவர்களும் நம் பாஷைதான் பேசினார்கள், கத்தியது மட்டும் அந்த அணிக்கு.

"ஏய் நெட்டை, கொஞ்சம் குனிஞ்சுக்க! கோல் கம்பமே தெரியல," என்றார் முன்வரிசைத் தொப்பைக்காரர்.

"விடுங்க, அவளே பாவம் ஒண்ணும் பார்க்காம நிக்கிறா," என்றாள் அவர் மனைவி.

"எதுக்குப் பாவம்? நல்லதுதான். அவங்க ஆளுங்க தோக்கிறதைப் பார்க்க வேணாமே!"

வரிசையே சிரித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த முகங்களில் ஆட்டத்தைப் படித்தாள். தலைகள் இடப்பக்கம் சாய்ந்தால் பந்து நம் ஆட்கள் போடும் வளையத்துக்குப் போகிறது. இவர்கள் குதித்தால் நமக்கு அடி. தொப்பைக்காரர் தலையில் கைவைத்தால் நமக்குக் கோல். அவர் அடிக்கடி கைவைக்க வேண்டும் என்று மனசுக்குள் மன்றாடினாள்.

கடைசிக் கால்பகுதியில் அவர் கை தலைக்கும் தொடைக்குமாக அல்லாடியது. ஸ்கோர் சமம் என்று ஒலிபெருக்கி சொன்னது. பிறகு எதிரே யாரும் குதிக்கவில்லை, உட்காரவுமில்லை. தலைகள் மெல்ல, மெல்ல வலப்பக்கம் நகர்ந்தன. அவளுக்குப் புரிந்துவிட்டது. பந்து அவர்களிடம் இருக்கிறது. அவசரப்படாமல் கைமாற்றிக் கைமாற்றி நேரத்தைக் கரைக்கிறார்கள், கடைசி வீச்சு தங்களுடையதாக இருக்க.

"அவசரப்படாதே... அவசரப்படாதே..." தொப்பைக்காரர் முணுமுணுத்தார். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள்.

முதுகுக்குப் பின்னால் காலணிகள் கிறீச்சிட்டன. சட்டென்று அந்தச் சத்தமும் நின்றது. வீசப்போகிறவள் பந்தோடு வளையத்துக்குக் கீழே நின்றுவிட்டாள். நம் கோல்கீப்பர் இப்போது மூன்றடி தள்ளி, ஒற்றைக் காலில், கைகளை நீட்டிச் சாய்ந்திருப்பாள். அந்தச் சாய்வு எப்படி இடுப்பைப் பிய்க்கும் என்று இவள் உடம்புக்குத் தெரியும். எதிரே பாதி வாய்கள் திறந்திருந்தன, பாதிக் கண்கள் மூடியிருந்தன. எதையும் படிக்க முடியவில்லை.

திரும்பினாள்.

பந்து விரல்களை விட்டுக் கிளம்பியது. கோல்கீப்பரின் நடுவிரல் அதன் அடியை உரசியது. பந்து தடுமாறி வளையத்தின் விளிம்பில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது. வெளியே விழு, வெளியே விழு என்று இவள் வாய்விட்டே கத்தினாள். உள்ளே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

பின்னால் வெடித்த கூச்சலில் காது அடைத்தது. கோல்கீப்பர் அந்த நடுவிரலையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். இவள் கண்ணைத் துடைக்கவில்லை. துடைத்தால் அந்த நேரத்துக்கு அவள் தெரியமாட்டாளே.

முழங்கையைப் பிடித்து மேற்பார்வையாளர் நடைவழிக்கு இழுத்துப் போனார். வாளியும் துடைப்பானுமாகச் சித்தி அங்கே ஓடிவந்தாள்.

"மேலேர்ந்து மேனேஜர் பார்த்துட்டார்," என்றார் அவர். "உங்க சித்தி மூஞ்சிக்காகச் சொல்றேன். திடீர்னு மயக்கம் வந்துச்சு, பிடிமானத்துக்குத் திரும்பினேன்னு சொல்லிடு. நானும் ஆமாங்கிறேன். டிக்கெட் ஆபீஸ் உனக்குத்தான்."

"சொல்லித் தொலையேன்டி!" சித்தி கெஞ்சினாள். "தோத்துப்போன ஆட்டத்துக்கா சோத்துல மண்ணை வாரிப் போட்டுக்குவே?"

"மயக்கம் வரலை சார். பார்க்கணும்னு திரும்பினேன்."

"அதைத்தான் சொல்லாதேங்கிறேன்!"

"அதை மட்டுந்தான் சொல்லுவேன். நீங்க மட்டும் என் தோளுக்கு மேல என்னத்தைப் பார்த்துட்டு இருந்தீங்க சார்?"



சட்டைக்கு மேல் மாட்டியிருந்த பணியாளர் மேலாடையைத் தலைவழியே கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "உங்கப்பன்கிட்ட நான் என்னடி பதில் சொல்றது?" என்றாள் சித்தி.

"நானே சொல்லிக்கிறேன் சித்தி. நீ வழுக்கி விழாம நில்லு, கீழே தண்ணி."

கும்மாளமிட்டபடி வெளியேறும் எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து, வாசல் பக்கம் நடந்தாள்.